ராகலை மலையில் பூட்டிக்கொண்ட அட்டைகள்

நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், ரயிலில் தின்றது போதாமல் இன்னொரு இறால் வடை வாங்கியது. பருப்பு வடையின் தலையில் முழு இறாலை, மீசை கீசை எதையும் எடுக்காமல், அப்படியே அழுத்திப் பொரித்திருந்தார்கள். பீளமேட்டில் வடைக்குத் துணை சட்னிதான். இப்படியும் ஒரு துணை உண்டென்று தெரிந்திருந்தால் இலங்கைக்கு முன்பே வேலை தேடி வந்திருப்பேன். வடை சுற்றித் தந்த தாள் யாரோ ஒரு பள்ளிப்பிள்ளையின் கணக்குத் தாள். அதில் ஒரு பெருக்கல் தப்பாக இருந்தது. வடை தீர்வதற்குள் மனதிலேயே திருத்திவிட்டேன்.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ராகலைக்கு மேலே, உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், அங்கிருப்பவர்களுக்கு என்னால் இன்னொரு தொல்லை வரக்கூடாது. கோவையில் எங்களுடையது சின்ன கம்பெனி. ஸ்மார்ட் கார்டுக்குள் இருக்கும் ரகசியச் சாவியைக் காப்பது என் வேலை. அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எங்கள் அட்டையைக் கொடுத்திருந்தார்கள். கூடையை எடை போட்டதும் அட்டையைத் தராசுப் பெட்டியில் செருகினால் எத்தனை கிலோ என்று அதில் பதிந்துவிடும். சாவி இல்லாமல் எவராலும் அதில் ஒரு கிராமைக்கூட ஏற்றவோ இறக்கவோ முடியாது.

திடீரென்று அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில் மட்டும் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. தராசுப் பெட்டியின் திரையில் ‘சாவியைத் திருட முயற்சி’ என்று வந்ததாம். அந்த வரி தமிழிலும் சிங்களத்திலும் வந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்து வைத்தவள் நான்தான். ஆகவே ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். திருடன் வந்திருக்கிறான், என் பூட்டு அவனைப் பிடித்திருக்கிறது. ஒரு இன்ஜினியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நுவரெலியாவிலிருந்து ராகலை போகும் பஸ்ஸில் என் ஆஸிலாஸ்கோப்புக்கு உட்கார இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. கண்டக்டர் அதை என் கையிலிருந்து பிடுங்கி, டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல், தடித்த வெங்காயத்தாள் போலிருந்த லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவில் வைத்தார். ஏதோ சிங்களத்தில் சொன்னார். “முட்டைப் பெட்டியையே அங்கதான் வைக்கிறவையாம், பயப்பட வேண்டாமாம்” என்று எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர் மொழிபெயர்த்தார். ராகலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர். கையில் ஒரு முட்டைக்கோசு வைத்திருந்தார்.

“இந்தியாவிலயிருந்தோ வாறீங்கள்? அதென்ன பெட்டி, ரீவியோ?”

மின்சாரம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி என்றேன். வந்த காரியத்தையும் சொன்னேன். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவருடைய முட்டைக்கோசு என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது.

“அட்டைக்குள்ள ஒளிச்சு வச்ச சாவியை வெளியில நிண்டு என்னெண்டு களவெடுக்கிறது?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பக்கத்து வீட்டு அடுப்படியை எட்டிப் பார்க்காமலே அங்கே என்ன குழம்பு என்று சொல்லிவிடும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அரைக்கிற சத்தமும் தாளிக்கிற சத்தமும் அவர்களுக்குப் போதும். அட்டையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சில்லு சாவியை வைத்துக் கணக்குப் போடும்போது ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கூடவோ குறையவோ மின்சாரம் இழுக்கும். அட்டையை உடைக்கத் தேவையில்லை, அது குடிக்கிற மின்சாரத்தை அளந்துகொண்டே இருந்தால் போதும். ஒரு தடவை அளந்தால் வெறும் இரைச்சல். ஆயிரக்கணக்கான தடவை அளந்து சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி, சாவி தெரிய ஆரம்பிக்கும்.

“அப்ப அதுக்கு மருந்து?”

நான் போட்டிருந்த மருந்துகளைப் பெருமையாகவே சொன்னேன். எங்கள் அட்டை சாவியை ஒருபோதும் முழுசாக வெளியே எடுக்காது. ஒவ்வொரு முறையும் ஒரு புது எண்ணோடு கலந்து, இரண்டு பங்காகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். நடுநடுவே வேண்டுமென்றே பொய்க் கணக்கும் போட்டுக் குழப்பும். அதையும் மீறி ஒருவன் அளந்துகொண்டே இருந்தால், கடைசி மருந்து எண்ணிக்கை. உளவு பார்க்கிறவன் அட்டையைத் தொடங்கவிட்டு நடுவில் மின்சாரத்தை அறுப்பான். மறுபடி தொடங்குவான், மறுபடி அறுப்பான். தொடங்கிய கணக்கு பாதியில் அறுந்துபோனால் எங்கள் அட்டை அதை மறக்காமல் எண்ணி வைக்கும். அளவு மீறினால் சாவியைத் தானே அழித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

“கெட்டித்தனமான வேலைதான்” என்றார் ஆசிரியர். “ஆனா, பிழையான ஆளைப் பிடிச்சிட்டா?”

“பிடிக்காது சார்” என்றேன், யோசிக்காமல்.

அடுத்த ஏற்றத்தில் பஸ் புகைந்து நின்றது. எல்லோரும் இறங்கினோம். டிரைவர் பாதையோரம் விழும் அருவியில் வாளியைப் பிடித்துத் தண்ணீர் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் பஸ் சூடானால் டீக்கடையைத் தேடுவோம், இங்கே அருவி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அரை மணி நேரம் தூறலில் நனைந்த பிறகு மறுபடி ஏறினோம். சற்றுத் தூரம் போனதும் சோதனைச் சாவடி. ஒரு இளம் சிப்பாய் லீக்ஸ் கட்டுகளை விலக்கிப் பெட்டியைத் திறந்தான். கம்பிகள், கவ்விகள், திரை. அவன் முகம் மாறியது. பிறகு அவன் கருவியின் ஒரு மூலையில் இருந்த சிவப்புக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை எங்கள் ஆபீஸில் எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். என்ன துடைத்தாலும் அந்த மூலைக் கறை போகாது. ஆசிரியர் சிங்களத்தில் விளக்கினார். சிப்பாய் சிரித்துவிட்டு ஏதோ சொல்லி மூடியைச் சாத்தினான். “தன்ர அண்ணன்ர லொறிக்கும் போன மாசம் விகாரையில நூல் கட்டினவையாம்” என்றார் ஆசிரியர். தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது என் கருவி முழுக்க லீக்ஸ் வாசம் அடித்தது.

தோட்டத்து மேனேஜரை அங்கே எல்லோரும் துரை என்றுதான் சொல்கிறார்கள். நாற்பது வயதுக்குள் இருக்கும், சிங்களவர், தன்மையான மனிதர். அன்று மாலை பங்களாவில் தேநீர் ஊற்றித் தந்து, ஆங்கிலத்தில் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். அதன் சாரம் இது: மேல் டிவிசன் மடுவத்தில், அதாவது கொழுந்து எடை போடும் கொட்டகையில், தராசுப் பெட்டி ஒரு பெண்ணின் பொறுப்பில் இருந்தது. பெயர் புஷ்பராணி. ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்தவள். அவளுடைய அண்ணன் ராகலை பஜாரில் செல்போன் பழுது பார்க்கிறான். அட்டைகள் அவள் கையில்தான் பூட்டிக்கொண்டன. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை விசாரணை. “திருட்டு முயற்சி நடந்தது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் வேலையை விட்டு நீக்கிப் போலீஸில் கொடுத்துவிடுவேன். உங்கள் இயந்திரம்தான் தெளிவாகச் சொல்கிறதே?”

என்னுடைய வரியை என்னிடமே படித்துக் காட்டுகிறார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் என்னை அறை வரை கொண்டுவிட வந்த பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா, குடையைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சொன்னார்:

“நல்ல புள்ளைங்க அது. லயத்துல பொறந்து ஆபீஸ் வேலைக்கு வந்த பொம்பளப் புள்ள இந்தத் தோட்டத்துல அது ஒன்னுதான். அது போயிட்டா அடுத்து யாரையும் தொரை எடுக்க மாட்டாங்க. பாத்து எழுதுங்க மேடம்.”

புதன்கிழமை காலையில் பாணும் பருப்புக் கறியும். பாண் என்றால் நம் ரொட்டிதான், ஆனால் இங்கே அதைக் கறியில் முக்கித் தின்பதற்காகவே சுடுகிறார்கள் போல. சாப்பிட்டுவிட்டு பூட்டிக்கொண்ட அட்டைகளைப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தார்கள். யாரோ பொறுப்பாக ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து அடுக்கியிருந்தார்கள். சாவி அழிந்த அட்டையிடம் கேட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அப்படித்தான் நான் செய்திருந்தேன்.

ஆகவே திருடனைப் பார்க்க ராகலை பஜாருக்குப் போனேன். புஷ்பராணியின் அண்ணன் மோகன்ராஜின் கடை, ஒரு காய்கறிக் கடையின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றான். ஸ்டூலைத் தன் சட்டையால் துடைத்துப் போட்டான்.

“பாருங்க மேடம், எல்லாத்தையும் தொறந்து பாருங்க. பொலிசு வந்து பாக்குறதுக்கு முன்னாடி நீங்க பாத்துருங்க.”

பார்த்தேன். ஒரு சூட்டுக்கோல், ஒரு பழைய மீட்டர், நிறைய உடைந்த போன்கள். மீட்டரின் முள் பாதியில் ஒடிந்திருந்தது. சில்லு குடிக்கும் மின்சாரத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் லட்சம் துண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். இந்த மீட்டரில் பேட்டரி இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்க்கலாம். என் பூட்டை உடைக்க வந்தவன் இவன் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. அவன் பிளேன்டீ வாங்கித் தந்தான். இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரையைத் தாராளமாக அள்ளிவிட்ட பிளேன்டீ. பாலில்லாத டீயைக் கோவையில் நோயாளிக்குத்தான் தருவார்கள். நான் இரண்டாவது கிளாஸும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பிற்பகல் மேல் டிவிசன் லயத்துக்கு ஏறினேன். நீண்ட வரிசை வீடுகள், தகரக் கூரை, வாசலில் தண்ணீர்க் குழாய். புஷ்பராணி என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதிருக்கும். அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர். கோதுமை மாவு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். காரத் தேங்காய்ச் சம்பலோடு சுடச்சுட ஒன்றை என் கையில் வைத்துவிட்டுத்தான் பேசவே விட்டார். அந்த ருசியை அப்போது நின்று ரசிக்க முடியவில்லை. ஏனென்றால் புஷ்பராணி அழுதுகொண்டே பேசினாள்.

“எங்கம்மா கார்டுந்தாங்க பூட்டிக்கிச்சு. சொந்த அம்மா கார்டையே நான் திருடுவேனா?”

“அட்டை பூட்டிக்கொள்வதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்.”

“பொட்டியில போட்டா பச்ச லைட்டு வரலீங்க. எடுத்துட்டு மறுபடி போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். வெளிய மழையில அத்தன பேரும் கூடையோட நிக்கிறாங்க. கார்டுல கிலோ ஏறலன்னா அவங்களுக்கு அரைப்பேருதாங்க விழும்.”

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். முழு நாள் மலையேறிக் கொழுந்து எடுத்த பெண்ணுக்கு அட்டை பேசாததால் பாதி நாள். இது எனக்குப் புதுச் செய்தி. என் பூட்டு யார்மேல் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கடித்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“முன்பெல்லாம் நன்றாகத்தானே வேலை செய்தது?”

“நல்லாத்தாங்க இருந்துச்சு. பூசை கழிஞ்சு கொழுந்து எடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்துதான் இப்புடி.”

எந்தப் பூசை என்று நான் கேட்கவில்லை. மழை, மின்வெட்டு, கெட்டுப்போன கம்பி என்று என் மூளை வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

பங்களாவுக்குத் திரும்பினால் கோவையிலிருந்து முதலாளியின் போன். நல்ல மனிதர், குரல்தான் பெரிசு.

“அம்மணி, ஜெயிச்சுட்டோம் பாரு! தாக்குதலை முறியடிச்ச அட்டைன்னு நோட்டீஸ் அடிச்சுரலாம். சீக்கிரம் எழுதிக் குடுத்துட்டு வா.”

“இன்னும் பாக்கலைங்க” என்று போனை வைத்தேன்.

வியாழக்கிழமை மேல் டிவிசன் மடுவத்துக்குப் போனேன். மலை முழுக்க மூடுபனி. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முதுகில் கூடையோடு பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். எனக்கு வேண்டியது இந்த டிவிசனில் இன்னும் உயிரோடிருக்கும் ஓர் அட்டை. விசாரித்தபோது, அப்படி மிஞ்சிய சிலரில் தெய்வானை என்ற பெண்ணைக் காட்டினார்கள். மகளின் பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்.

“பேத்தி பொறந்துருக்குங்க!” என்று முதலில் அதைச் சொன்னார். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே எங்கள் அட்டை. அதன் தங்க நிறச் சதுரத்தின் நட்டநடுவில் மஞ்சளாகச் சந்தனம், அதன்மேல் செக்கச்செவேலென்று குங்குமம்.

நான் கைக்குட்டையை எடுத்தேன். தெய்வானை அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஐயோ, தொடைக்காதீங்க. பூசப் பொட்டு.”

“எந்தப் பூசை?”

“ஆயுத பூசைங்க. கத்தி, மம்பட்டி, தராசு எல்லாத்துக்கும் வப்போமில்ல? இப்ப எங்களுக்கு இந்தக் கார்டுதானே ஆயுதம். கீழ் டிவிசன்ல வேலைய மேற்பாக்குற கண்டாக்கு ஐயா எல்லாக் கார்டையும் டின்னுல போட்டு டின்னுக்கு மட்டும் பொட்டு வச்சாராம். நாங்க விடல. ஆளாளுக்குத் தனித்தனியா வைக்கணும்னு புஷ்பராணிக்கிட்ட சொன்னோம். அந்தப் புள்ளையும் ஒன்னொன்னா வச்சுக் குடுத்துச்சு. தங்கமாட்டம் இருக்குற எடந்தானே நெத்தி?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பும் சிலிர்த்தது. பொட்டோடேயே அட்டையை வாங்கி என் கருவியில் மாட்டினேன். திரையில் கோடு சீராகத் தொடங்கியது, நடுவில் சொத்தென்று விழுந்தது. கணக்கு பாதியில் அறுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. அட்டை தன் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டியது, இன்னொன்றைக் கூட்டியது. பூட்டிக்கொள்வதற்கு முன் வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

தங்கச் சதுரம் என்று நாம் பார்ப்பது ஒரே தகடு அல்ல. நூலிழை இடைவெளி விட்டுப் பிரித்த சின்னச் சின்னத் தகடுகள். மின்சாரம் வர ஒன்று, பேச ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. அந்த இடுக்குகளில் சந்தனமும் குங்குமமும் போய் உட்கார்ந்திருந்தன. கோவையில் சந்தனம் மாலைக்குள் காய்ந்து உதிர்ந்துவிடும். இந்த மலையில் துவைத்த துணியே ஒரு வாரம் ஈரமாக இருக்கிறது. ஈரச் சந்தனமும், சுண்ணாம்பு கலந்த குங்குமமும், ரவிக்கைக்குள் வைக்கிற வியர்வை உப்பும் சேர்ந்தால் மின்சாரம் கசிந்து ஓட வழி தானாகக் கிடைத்துவிடும். கசிந்தால் சில்லுக்குப் போதாது, கணக்கு அறும். புஷ்பராணி நல்ல மனதோடு மறுபடி மறுபடி செருகுகிறாள். அட்டையின் கண்ணுக்கு அவள் அச்சு அசல் உளவாளி. டின்னில் அட்டைகள் சுத்தமாக இருந்ததற்குக் காரணமும் இப்போது விளங்கியது. பிடித்துவைத்த அன்றே யாரோ நன்றாகத் துடைத்து அடுக்கிவிட்டார்கள்.

ஊகத்தை வைத்து ஒருத்தியைக் காப்பாற்ற முடியாது. ஆகவே பெரிய கிளாக்கரின் சாமி படத்தடியிலிருந்து சந்தனமும் குங்குமமும் கடன் வாங்கி, நான் கொண்டுவந்திருந்த புது அட்டையில் வைத்தேன். கணக்கு அறுந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலைக்கு ஓடினேன். அந்த மலையில் காய்ந்த இடம் என்று ஒன்று இருந்தால் அது தேயிலை உலர்த்தும் அடுப்பின் பக்கம்தான். காய்ந்ததும் அட்டை ஒழுங்காகப் பேசியது. மறுபடி வெளியே கொண்டுவந்து பனியில் ஜன்னலோரம் வைத்தேன். ஊறியதும் மறுபடி அறுந்தது. நான் குடையில்லாமல் இங்கும் அங்கும் ஓடுவதைப் பார்த்துத் தொழிற்சாலைக்காரர்கள் தமக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தெய்வானையின் அட்டையை அவர் கண்ணெதிரிலேயே துடைத்து, பின்பக்கம் புதுப் பொட்டு வைத்துக் கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

மாலையில் நானே முதலாளிக்கு போன் செய்தேன்.

“பொட்டா?” என்று அலறினார். “ஏன் அம்மணி, நோட்டீஸுக்குச் சொல்லிட்டேனே! நாளைக்குத் துரை எல்லா அட்டையையும் திருப்பி அனுப்பிட்டார்னா?”

“திருட்டுன்னு எழுதினா ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போயிருவா. நான் எழுத மாட்டேனுங்க. திருப்பி அனுப்பினா அனுப்பட்டும். பொட்டு தாங்குற அட்டையா செஞ்சு நானே திரும்பக் கொண்டாந்து குடுக்கறேன்.”

“செஞ்சுருவியா?” என்றார்.

“செஞ்சுருவேன்” என்றேன். வழி ஏற்கெனவே தெரிந்துவிட்டிருந்தது. சாவியைத் தொடுவதற்கு முன்னால் அட்டை முதலில் மின்சாரம் சீராக வருகிறதா என்று பார்க்கட்டும். வராவிட்டால் ‘துடைத்துப் போடு’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கட்டும். சாவியை வெளியே எடுக்காதபோது திருட எதுவுமில்லை, எண்ணவும் தேவையில்லை. உளவாளிக்கு வைத்த பூட்டு அப்படியே இருக்கும், சந்தனத்துக்குக் கதவு திறந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை விசாரணை ஆபீஸில் நடந்தது. துரை மேசைக்குப் பின்னால், பெரிய கிளாக்கர் பக்கத்தில். புஷ்பராணி வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய அம்மாவும் இன்னும் பல பெண்களும் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். துரை என்னைப் பார்த்தார். நான் எதையும் எழுதிக் கொண்டுவரவில்லை. ஒரு புது அட்டையை அவரிடம் நீட்டி, மடுவத்திலிருந்து மேசைமேல் கொண்டுவந்து வைத்திருந்த தராசுப் பெட்டியில் போடச் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்தது.

“புஷ்பராணி, பூசையன்று எப்படி வைத்தீர்களோ அப்படியே இதற்கும் வையுங்கள்” என்றேன்.

அவள் என்னை நம்பவா வேண்டாமா என்பதுபோலப் பார்த்தாள். பிறகு முன்னே வந்தாள். கிளாக்கர் நீட்டிய கிண்ணத்தில் சந்தனத்தைத் தொட்டு அவசரமாக வைத்தாள். சந்தனம் சதுரத்தைத் தாண்டி ஓரத்தில் வழிந்தது. அதன்மேல் குங்குமம் வைத்துவிட்டுச் சுவரோரம் திரும்பிப் போய்விட்டாள்.

“இப்போது நீங்கள் போடுங்கள்” என்று துரையிடம் சொன்னேன். போட்டார். விளக்கு எரியவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டார். பழுதான எதையும் மனிதர் எவரும் அப்படித்தான் செய்வார். கடைசியில் திரையில் எழுத்து வந்தது. பெரிய கிளாக்கர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை உரக்கப் படித்தார்:

“சாவியைத் திருட முயற்சி.”

துரை அட்டையைப் பார்த்தார், தன் விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார். “அப்படியானால் திருடன் நான்தான்” என்றார் ஆங்கிலத்தில். கருவியின் திரையில் கோடு விழும் இடத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். எங்கள் பக்கத்துத் தப்பு எது, அதைத் திருத்த என்ன செய்வோம் என்பதையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பூசைக்கு நானும் வந்து மாலை வாங்கிக்கொண்டேன். ஏன் எனக்கு இது தோன்றவில்லை?” எனக்கும்தான் தோன்றவில்லை என்றேன். என் கருவியின் மூலையிலேயே பொட்டு இருந்தும் தோன்றவில்லை.

அவர் எழுந்து புஷ்பராணியிடம் போய், தனக்குத் தெரிந்த தமிழில், “நாளைக்கு வேலைக்கு வாங்க” என்றார். கிளாக்கரிடம் திரும்பி, தராசுப் பெட்டியின் நினைவில் நிற்கும் எடைகளை எடுத்து, அரைப்பேர் விழுந்த எல்லோருக்கும் முழுப்பேராக மாற்றச் சொன்னார். வெளியே நின்ற பெண்களுக்குக் கிளாக்கர் அதைச் சொன்னபோது எழுந்த சத்தத்தில் பங்களா நாய் குரைக்கத் தொடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழையைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை திரும்புகிற வழியில் மடுவத்தில் நின்றேன். புஷ்பராணி தராசுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாற்று அட்டைகள் வந்துசேரும் வரை உயிரோடிருந்தவற்றைத் துடைத்துத் துடைத்துச் செருகிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற தெய்வானை தன் அட்டையின் பின்பக்கப் பொட்டை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். புஷ்பராணியின் அம்மா வாழையிலையில் ரொட்டி கட்டித் தந்தார். இந்த முறை அதை நிதானமாகத் தின்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

பெட்டியைத் தூக்கியபோது, “கொஞ்சம் இருங்க அக்கா” என்றாள் புஷ்பராணி. அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

“ஒங்க மிசினுக்கு வைக்கவா?”

என் ஆஸிலாஸ்கோப்பை வேறு ஆள் தொட நான் விடுவதில்லை. ஆபீஸில் அதற்காக எனக்குப் பட்டப்பெயரே உண்டு. மூடியைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் முன்பக்கம் பார்த்தாள், துளைகளையும் திருகுகளையும் விட்டு விலகி, பக்கவாட்டில் பார்த்தாள்.

“எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லிருங்க அக்கா.”

மூலையில் இருந்த பழைய கறையைக் காட்டினேன். அந்த இடத்திலேயே, அதன்மேல், அவள் பொட்டு வைத்தாள். இந்த முறை சந்தனம் எங்கும் வழியவில்லை.